உப்புப் போடாத வீடு

கோழிக்கறி வேகும் வாசனை வீடு முழுக்க இருக்கிறது. உப்பில்லை, மஞ்சளில்லை, வெங்காயமோ பூண்டோ கிடையாது. வெறும் தண்ணீரில் வேகும் கறிக்கு ஈரத்துணி போல ஒரு மங்கிய வாசனை. நம் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கோ அது மூக்கில் ஏறியதும், அடுப்படியில் நீ நிற்கிறாய் என்று ஒரு நொடி தோன்றிவிடுகிறது. கறியை நார் நாராகப் பிய்த்து, வெந்த தண்ணீரையே மேலே ஊற்றி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்க்கிறாய்.

இன்றைக்கு அதையெல்லாம் செய்துவிட்டு நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். நம் பூனை டஸ்ட்டு தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நான் பார்ப்பது தெரிந்தால் எழுந்து போய்விடுவாள். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதை மட்டும் கொடுத்திருக்கிறேன். நக்கும் சத்தம் கேட்டது. நின்றது. வெகு நேரம் எதுவும் இல்லை. பிறகு மறுபடியும் கேட்டது. அந்த இடைவெளியில் எனக்கு என்ன ஆகிறது என்பதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நீ சிரிக்க மாட்டாய். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நீ போன பிறகு இது இரண்டாவது மழைக்காலம். இவள் இன்னும் இருக்கிறாள். எப்படி இருக்கிறாள் என்பதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இவள் நம்மிடம் வந்தது உனக்கு நினைவிருக்கும். நாம் வேலை பார்த்த டீ ஃபேக்டரியின் மாடியில் இலை வாட்டும் தொட்டிக்கு அடியில், வெதுவெதுப்பான காற்று வரும் இடமாகப் பார்த்து ஒரு பூனை குட்டி போட்டுவிட்டுப் போய்விட்டது. மிஞ்சியது ஒன்றே ஒன்று. நான் பேக்கிங்கில் இருந்தேன். நீ கப் பார்க்கும் அறையில் இருந்தாய். ஒவ்வொரு நாள் தூளையும் வடித்து வரிசையாக வைத்து, வாயில் உறிஞ்சித் துப்பி, எது எந்த ரகம் என்று சொல்லும் வேலை. குட்டியைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, “டஸ்ட்டு மாதிரியே இருக்கா” என்றாய். கறுப்பும் பழுப்பும் கலந்த அந்தக் கடைசி ரகத் தூளின் பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது. அப்போதுதான் நாம் இருவரும் குன்னூருக்கு மேலே இந்த இரண்டு அறை வீட்டை எடுத்திருந்தோம். நீ கல்யாணமே வேண்டாம் என்றவள். நான் கல்யாணம் பண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவள். நம் இருவருக்கும் நடுவில் அவள் வந்து படுத்துக்கொண்டாள்.

பதினான்கு வருடம் அவளைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமே இருக்கவில்லை. பிறகு ஒரு உறைபனிக் காலம். காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்த நாட்கள். நீதான் முதலில் கவனித்தாய்.

“ஏம்புள்ள, இவ குண்டாத் தண்ணியக் காலி பண்றதப் பாத்தியா?”

“வயசாச்சுல்ல. தாகம் எடுக்கும்.”

“இந்தக் குளுருல எதுக்குத் தாகம்?”

அவள் முதுகில் கை வைத்துத் தடவினாய். என் கையையும் இழுத்து அதே இடத்தில் வைத்தாய். முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக விரலில் தட்டியது. ரோமம் ஒட்டிக்கொண்டு, பளபளப்பு போய்விட்டிருந்தது. அன்றைக்கே ஜன்னல் திட்டுக்குத் தாவப் பார்த்து, பாதியில் மனதை மாற்றிக்கொண்டு, சும்மாதான் எழுந்தேன் என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சிரித்தேன். உன் முகத்தில் சிரிப்பு இல்லை.

ஊட்டியில் இருக்கும் அந்த டாக்டரம்மாவிடம் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனோம். சின்ன வயது. தொடுவதற்கு முன்னால் இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டது உனக்குப் பிடித்துப்போயிற்று. ரத்தம் எடுத்தார். வாயைத் திறந்து பார்த்தார். ரிப்போர்ட் வரும்வரை நீ கூடைக்குள் ஒரு விரலை விட்டபடியே உட்கார்ந்திருந்தாய்.

“கிட்னி பாதிக்கு மேல போயிருக்குங்க. போனது திரும்பி வராது. இருக்கறதப் பத்தரமாப் பாத்துக்கலாம்,” என்றார் டாக்டரம்மா.

“இத்தன தண்ணி குடிச்சும் எளைக்குதுங்களே?” என்று நான் கேட்டேன்.

“கிட்னியால தண்ணியப் புடிச்சு வைக்க முடியறதில்லீங்க. அதனால நெறையக் குடிக்கும், அடிக்கடி போகும். கழிவு ரத்தத்துலயே தங்கிப்போயிரும். காலைல குமட்டும். வாய் ருசியே மாறிப்போயிரும். மனுசங்களுக்கு வந்தா இரும்ப நக்கற மாதிரி இருக்குதுன்னு சொல்லுவாங்க. இவ சொல்ல மாட்டா. சாப்பாட்ட மோந்து பாத்துட்டுப் போயிருவா, அவ்வளவுதான்.”

வரும் வழியெல்லாம் கேள்விகளை அடுக்கிக்கொண்டு வந்தவள் நீ. அதற்குப் பிறகு ஒன்றுகூடக் கேட்கவில்லை. பால் கூடாது, உப்புக் கூடாது, கருவாடு கூடவே கூடாது, கறியைத் தண்ணீரோடு கொடுங்கள், சாப்பாட்டை மாற்றுவதென்றால் ஒரே நாளில் மாற்றாமல் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள் என்று டாக்டரம்மா சொல்லச் சொல்ல நான்தான் தலையாட்டினேன். நீ அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

பஸ் அருவங்காட்டைத் தாண்டும்போது, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாய்.

“எனக்கும் அப்டித்தான் இருக்குது.”

“எப்டி?”

“ரெண்டு மாசமா கப்புல எல்லாம் ஒரே ருசி. மொத ரகமும் கழிவும் ஒண்ணாத் தெரியுது. இரும்ப நக்கற மாதிரி. பிரஷர் மாத்திரையால இருக்கும்னு நெனச்சேன்.”

கூடை உன் மடியில் இருந்தது. பஸ் வளைவில் திரும்பியபோது அது என் பக்கம் சரிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பிடித்தோம். குன்னூர் வரும்வரை கையை எடுக்கவில்லை.

உன் ரிப்போர்ட் அவளுடையதைவிட மோசமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அதை நான்காக மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, அடுப்படி மூலையில் சுருண்டு கிடந்தவளைப் பார்த்து, “கெட்டிக்காரி. என்னயவும் கூட்டிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா” என்றாய்.

அன்றிலிருந்து நம் வீட்டில் உப்பு ஜாடி மேல் அலமாரிக்குப் போய்விட்டது. உனக்கு உப்பு கூடாது, அவளுக்கும் கூடாது. எனக்கு மட்டும் தனியாகத் தாளிப்பதா என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் தண்ணீர் விஷயத்தில் நீங்கள் இருவரும் இரண்டு திசையில் போனீர்கள். டயாலிசிஸ் ஆரம்பித்ததும் உனக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று பாட்டிலில் அளந்து வைத்தார்கள். அவளுக்கோ எப்படியாவது குடிக்க வைக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் குடிக்க மாட்டாள் என்று கண்டுபிடித்து, அகலமான கிண்ணங்களாகத் தேடி வாங்கி, ஜன்னலடியில் ஒன்று, கட்டிலடியில் ஒன்று, குளியலறை வாசலில் ஒன்று என்று வீடெங்கும் நீதான் நிரப்பி வைத்தாய். தொண்டை வறண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் நீ, நாள் முழுக்க யாருக்கோ தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய்.

ஒரு மத்தியானம் நான் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது ஜன்னலடியில் மண்டியிட்டிருந்தாய். அவள் குடித்துக்கொண்டிருந்தாள். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாய். நான் பயந்துபோய், என்ன செய்கிறாய் என்றேன்.

“ஒண்ணுமில்ல புள்ள. இவ குடிக்கற சத்தத்தக் கேட்டா எனக்குத் தொண்ட நனையுது.”

அந்த ஒன்றரை வருடம் நமக்கு வேறு பேச்சே இல்லை. யார் எவ்வளவு சாப்பிட்டார்கள், யார் வாந்தி எடுத்தார்கள், யாருக்கு எடை குறைந்தது. காய்கறித் தராசில் ஒரு பழைய டப்பாவை வைத்து அவளை உட்காரவைத்து ஒவ்வொரு ஞாயிறும் எடை பார்த்தாய். கறியோடு முட்டையின் வெள்ளையை மட்டும் அவித்துப் பிசைந்து கொடுத்தால் அவளுக்கு நல்லது என்று கேட்டு வந்தாய். மஞ்சள் கருவை நான் தின்று தின்று அலுத்துப்போனேன். மீன்காரர் குரல் கேட்டால் அவள் வாசலுக்கு ஓடுவாள். நீ கதவைச் சாத்திவிட்டு, “மத்தி வேண்டாம் கண்ணு. எனக்கும் மாங்கா வேண்டாம்னுட்டாங்க. ரெண்டு பேரும் சேந்து நாக்கக் கட்டுவோம்” என்பாய். அவளால் கட்டிலில் ஏற முடியாமல் போனதும் டீப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, மேலே சாக்கு தைத்துப் படியாகப் போட்டாய். இரண்டு மாதம் கழித்து நீயே அந்தப் படியில் கால் வைத்துத்தான் கட்டிலில் ஏறினாய்.

டயாலிசிஸ் முடிந்து வந்த ஒரு சாயங்காலம், போர்வைக்குள் அவளை இழுத்துக்கொண்டு படுத்தவாறே சொன்னாய். நான் அதைக் கேட்க விரும்பவில்லை. நீ விடவில்லை.

“ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. இவளுக்குத் தாங்க முடியாத வலின்னா, டாக்டரம்மா இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னா, ஊசி போட்டு அனுப்பீரு. என்னய நெனச்சுட்டு இழுக்காத. ஆனா வயசாச்சுன்னு மட்டும் அனுப்பீராத. வயசாகறது ஒரு சீக்கு இல்ல.”

பிறகு அந்த நாள். மழை பிடித்து நான்கைந்து நாளாக விடவேயில்லை. டயாலிசிஸ் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே உனக்கு பிரஷர் இறங்கிவிட்டது. கட்டிலோடு உருட்டிக்கொண்டு வேறு அறைக்குக் கொண்டுபோனார்கள். உள்ளேயிருந்து வந்த நர்ஸ் நல்ல பெண். என் தோளைத் தொட்டுத்தான் கேட்டாள்.

“நீங்க அவங்களுக்கு என்ன வேணுமுங்க?”

“கூட இருக்கறனுங்க.”

“சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?”

உன் தம்பி நம்பரைக் கொடுத்தேன். அவர் கோயமுத்தூரிலிருந்து புறப்பட்டார். மலை ரோட்டில் வண்டிகள் நின்றுபோயிருந்தன. அவர் வருவதற்குள் நீ போய்விட்டாய். எதைக் கேட்பதானாலும் அவரைத்தான் கேட்டார்கள். எதைச் சொல்வதானாலும் அவரிடம்தான் சொன்னார்கள். அதில் யார் மேலும் தப்பில்லை. நான் சுவரை ஒட்டி நின்றேன். கீழே உங்கள் ஊருக்குக் கொண்டுபோய்க் காரியம் செய்தார்கள். நானும் போனேன். எங்கே நிற்பதென்று தெரியாமல் பந்தலுக்கு வெளியே நின்றேன்.

திரும்பி வந்தபோது டஸ்ட்டு உன் போர்வைக்குள் இருந்தாள். பக்கத்து வீட்டு போஜன், ஜீப் ஓட்டுகிறவர், வைத்துவிட்டுப் போயிருந்த சாப்பாடு அப்படியே காய்ந்திருந்தது. மறுநாள் கொஞ்சம் நக்கினாள். அதற்கடுத்த நாள் அதுவும் இல்லை.

உன் துணிமணிகளை எடுத்துப்போக உன் தம்பி வந்தார். வந்த அன்றைக்கே கீழே ஒரு இடத்திலும் மேலே ஒரு இடத்திலும் மண் சரிந்து, போகவும் முடியாமல் முன்னறையில் தங்கிவிட்டார். இருவரும் டஸ்ட்டுவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். போஜன் குடையோடு வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

“அவ அம்மா போன எடத்துக்கே போறாளுங்க. உட்டுருங்க,” என்றார்.

உன் தம்பியும் மெதுவாகத்தான் சொன்னார். “கஷ்டப்படுத்த வேண்டாமுங்க. ரோடு சரியானதும் ஒரு ஊசி போட்டுறலாம். அக்கா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருக்கும்.”

நீ என்ன சொல்லியிருப்பாய் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்தது எனக்கு உதவவில்லை. வலியா வயதா என்று நீ பிரித்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். துக்கமாக இருந்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. எல்லோரும் சொன்ன கதை நம்பும்படி இருந்தது. நானும் அந்த நாட்களில் டீயைத் தவிர எதையும் விழுங்கவில்லை. அவளும் நானும் ஒரே காரணத்துக்காகப் பட்டினி கிடக்கிறோம் என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது.

அடுத்த நாள் காலை, பழக்கத்தில் கறியை வேகவைத்துத் தட்டை வைத்தேன். தட்டு தரையில் படும் சத்தம் கேட்டு டஸ்ட்டு போர்வையை விட்டு வெளியே வந்தாள். கால் பின்னியது. வந்தாள். மோந்தாள். ஒரு நாரை வாயில் எடுத்தாள். உடனே தலையை ஒருபுறம் சாய்த்து, வாயைக் கோணி, கீழே போட்டுவிட்டாள். முன்னங்காலால் கன்னத்தை ஒரு தரம் துடைத்தாள். திரும்பவும் எடுத்தாள். திரும்பவும் போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

எனக்கு உன் கடைசி மாதங்கள்தான் கண்ணில் வந்தன. தட்டின் முன்னால் வந்து உட்காருவாய். “பசிக்குது புள்ள. வாய்தான் உட மாட்டேங்குது” என்பாய். துக்கத்தில் இருக்கிறவள் தட்டுப் பக்கமே வரமாட்டாள். நான் வரவில்லையே. இவள் வந்தாள். இவளுக்குப் பசித்தது.

துண்டில் சுற்றி மடியில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கினேன். கடைவாய்ப் பல் ஒன்று பழுப்பேறி, அதைச் சுற்றி ஈறு சிவந்து வீங்கியிருந்தது. அழுகிய நாற்றம். தொட்டதும் கடித்தாள். அந்தக் கடியில் இருந்த பலத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். “எத்தன நாளாச் சாப்பிடல?” என்றார். சொன்னேன். “பூன பட்டினி கெடக்கக் கூடாதுங்க. இன்னும் விட்டா ஈரல்ல கொழுப்பு ஏறிரும். அப்புறம் பல்லச் சரி பண்ணியும் புண்ணியமில்ல. இன்னைக்கே கொண்டாங்க.”

“ரோடு இல்லீங்க.”

“எப்டியாவது கொண்டாங்க.”

போஜனிடம் போய் நின்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள்ளாகவே தலையை ஆட்டினார். மெயின் ரோடு இல்லை. கேத்தி வழியாக லவ்டேல் சுற்றிப் போகலாம், ஆனால் அங்கேயும் மண் வந்துகொண்டேதான் இருக்கிறது என்றார். பிறகு உள்ளே போய் ஜீப் சாவியை எடுத்து வந்தார். கூடையை எடுத்துக்கொண்டு நான் ஏறியபோது உன் தம்பியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஏன் வருகிறார் என்று நான் கேட்கவில்லை.

ஜீப்பின் முன்னால் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. மேடெல்லாம் செந்நிறத் தண்ணீர் ஓடிவந்து ரோட்டில் குறுக்கே பாய்ந்தது. ஒரு வளைவில் கற்பூர மரம் விழுந்து கிடக்க, ஆட்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். மேலேயிருந்து சிறு கற்கள் உருண்டு வந்து டப் டப்பென்று விழுந்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் போஜன் தலையைத் தூக்கி மேட்டைப் பார்த்தார். கூடைக்குள் கைவிட்டுப் பார்த்தேன். காது ஜில்லென்று இருந்தது. மூச்சு இருக்கிறதா என்று தெரிய அவள் விலாவில் விரலை வைத்து அழுத்த வேண்டியிருந்தது.

“குடுங்க இங்க,” என்றார் உன் தம்பி. ஸ்வெட்டரின் முன்பக்கத்தைத் தூக்கி, கூடையிலிருந்து அவளை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு, மேலே கோட்டை மூடினார். கொஞ்ச நேரத்தில் அவள் மஞ்சள் தண்ணீராக அவர் சட்டையிலேயே வாந்தி எடுத்தாள். அவர் அசையவில்லை. “சூடு ஏறுதுங்க. இப்பப் பரவாயில்ல,” என்றார்.

டாக்டரம்மா வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே கொண்டுபோய் முதலில் தோலுக்கடியில் தண்ணீர் ஏற்றினார். ரத்தம் பார்த்தார். அன்று ராத்திரி அவளை அங்கேயே வைத்துக்கொண்டார். நாங்கள் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கி, மறுநாள் விடிந்ததும் போனோம். அவர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, ஒளிவுமறைவில்லாமல் பேசினார்.

“வேர்ல சீழ் வெச்சிருக்கு. பல்ல எடுத்தாத்தான் சாப்பிடுவா. எடுக்கணும்னா மயக்கம் குடுக்கணும். இந்த வயசுக்கு, இந்தக் கிட்னிக்கு, மயக்கம் தெளியாமயும் போகலாம். எடுக்கலன்னா பட்டினிதான். வலியோட பட்டினி. வேண்டாம்னு நெனச்சீங்கன்னா அமைதியா அனுப்பிரலாம், அதுவும் தப்பில்லீங்க. இங்க ரெஜிஸ்தர்ல டஸ்ட்டு அவங்க பேர்லதான் இருக்கா. இப்ப முடிவு யாருங்க சொல்றது?”

அவர் பார்வை உன் தம்பியிடம் போனது. ரத்த உறவு, ஆம்பிளை. யாருக்குமே பார்வை அங்கேதான் போகும். எனக்கு மறுபடியும் சுவரை ஒட்டி நிற்பது போலிருந்தது. உன் தம்பி வாயைத் திறந்தார். மூடினார். பிறகு என்னைக் காட்டி, “இவங்கதானுங்க சொல்லணும். ரெண்டு பேரு வளத்த பூன. எங்கக்காவுக்கு எல்லாமே இவங்கதான்,” என்றார்.

நான் உன்னை நினைத்தேன் என்று சொன்னால் பொய். அந்த நிமிடத்தில் அவளைத்தான் நினைத்தேன். துண்டுக்குள்ளிருந்து என் கையைக் கடித்த பலத்தை நினைத்தேன். பசியோடு தட்டுக்கு வந்தவளை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

“எடுத்துருங்க,” என்றேன்.

உள்ளே கொண்டுபோனார்கள். கதவைச் சாத்தினார்கள். நான் சில நாட்களுக்கு முன்புதான் இப்படியொரு கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். அன்றைக்குக் கதவு திறந்தபோது நர்ஸ் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் இந்தத் தடவை கதவைப் பார்க்கவே கூடாது என்று வெளியே ரோட்டில் போகும் கேரட் லாரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் தம்பி பக்கத்தில் இருந்தார். கறை படிந்த சட்டையை அவர் இன்னும் மாற்றவில்லை.

“அன்னைக்கு பர்லியார்ல வண்டி நின்னுருச்சுங்க,” என்றார், யாரும் கேட்காமலேயே. “எறங்கி நடந்தே வந்தர்லாம்னு பாத்தேன். கொஞ்ச தூரம் நடந்தேன். முடியலைங்க.”

எனக்கு அதுவரை தெரியாது. மழையில் அந்த மலை ரோட்டில் அவர் நடந்துவந்ததை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். “உங்களப் பத்திக் கேட்டுட்டே இருந்தா” என்றேன். அது உண்மை. கதவு திறந்தது. நான் திரும்பவில்லை. அவர்தான் முதலில் எழுந்தார்.

“முழிச்சுட்டா,” என்றார் டாக்டரம்மா. “ரொம்பக் கோவமா இருக்கா. கிட்டப் போகாதீங்க.”

உன் தம்பி வாசலுக்குப் போய், ரோட்டைப் பார்த்து முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். போஜன் போய் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு சுலபமாக இருக்கவில்லை. ஊசியில்லாத சிரிஞ்சில் கறித்தண்ணீரை எடுத்து, வாயின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அவள் விழுங்கும்வரை காத்திருந்து, அடுத்த சொட்டு. பாதி என் சேலையில்தான். தோலுக்கடியில் தண்ணீர் ஏற்ற டாக்டரம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். முதல் தடவை ஊசியைப் பிடித்தபோது எனக்குக் கண் இருட்டியது. போஜனின் மனைவி பின்னால் நின்று என் முதுகைத் தாங்கிக்கொண்டாள். இப்போது பாட்டிலை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, அவள் தோள்பட்டைத் தோலைக் கூடாரம் போலத் தூக்கி, பேசிக்கொண்டே குத்திவிடுகிறேன். அவளும் உறுமிவிட்டு உட்கார்ந்துகொள்கிறாள். பதினேழு வயதைத் தாண்டிவிட்டாள். ஒரு கண் மங்கல். எடை இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது, மெதுவாக. போன மாத ரத்தத்தில் கிட்னி இன்னும் கொஞ்சம் போயிருக்கிறது. எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை; டாக்டரம்மாவும் சொல்லவில்லை. வலி வந்தால் எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டு வைத்திருக்கிறேன். மூலையில் போய் ஒளிவாள், நக்கிச் சுத்தம் பண்ணுவதை விட்டுவிடுவாள், தட்டுச் சத்தத்துக்கு வரமாட்டாள் என்றார். அந்த நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். நீ எனக்குச் சொன்ன அதே வார்த்தைகளில்தான் சொன்னேன்.

அதைத்தான் நான் இன்னும் சுமக்கிறேன். நீ ஆறுதலுக்காக எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். தினமும் விடிந்ததும் அவள் முகத்தைப் பார்த்து, இது வயதா வலியா என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகிவிடுமோ என்ற பயம் ஒருநாளும் விட்டதில்லை. சில காலைகளில் கட்டிலை விட்டு எழும் முன்பே காது கொடுக்கிறேன், அவள் நடக்கும் சத்தம் கேட்கிறதா என்று. அந்தப் பயத்தோடேயே எழுந்து அடுப்பைப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். உன் தம்பி வாரம் தவறாமல் போன் பண்ணுகிறார். முதலில் “என்னங்க, சாப்பிட்டாளுங்களா?” என்பார். சாப்பிட்டாள், இவ்வளவு சாப்பிட்டாள், வாந்தி இல்லை என்று சொல்வேன். “சரீங்க” என்று வைத்துவிடுவார். அவ்வளவுதான் பேச்சு. போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் கேட்டார். நானும் சொன்னேன். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் வைக்கவில்லை.

“நீங்க சாப்டீங்களாக்கா?” என்றார்.

அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “சாப்பிட்டேன் சாமி” என்றேன். பொய்தான். உனக்கே தெரியும், ஒற்றை ஆளுக்குத் தட்டுப் போட எனக்கு இன்னும் மனசு வருவதில்லை. நின்றுகொண்டே எதையாவது விழுங்கிவிட்டு வேலையைப் பார்ப்பேன். போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். சோறும் ரசமும் இருந்தன. ஒரு தட்டை எடுத்துப் போட்டு, பலகையில் உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டேன். உன் நினைவுக்காக இல்லை. அவர் கேட்டதற்காகவும் இல்லை. எனக்குப் பசித்தது.